உங்கள் வீட்டுச் சுவரில் கட்சி விளம்பரமா? நீங்களே சம்மதித்தாலும் செல்லாது!

சென்னையில் தேர்தல் தேதியை அறிவித்ததும் முதலில் களத்தில் குதிப்பது எந்தக் கட்சித் தலைவரும் அல்ல. மாநகராட்சியின் சுண்ணாம்பு வாளிதான்!

டெல்லியில் தேர்தல் கமிஷன் தேதியைச் சொல்லி முடித்ததும் இங்கே வேலை தொடங்கி விடுகிறது. ஒரு கோஷ்டி பிரஷும் வாளியுமாகப் புறப்படுகிறது. இன்னொரு கோஷ்டி ஏணியும் கத்தியுமாகக் கிளம்புகிறது. மேம்பாலத் தூண், பஸ் நிறுத்தம், மின்சாரப் பெட்டி, பள்ளிக்கூட மதில் என்று எங்கே தலைவர்கள் சிரித்துக்கொண்டு இருந்தாலும் கிழி, அழி, வெள்ளை அடி! இதுதான் உத்தரவு.

"நேத்து வரைக்கும் இந்தத் தூண்ல நாலு கட்சி இருந்திச்சே, இன்னிக்கு ஒண்ணையும் காணோமே!" என்று காலையில் பஸ்சுக்கு நிற்பவர்கள் ஆச்சரியப்படுவது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிற கதை.

இந்த வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. தேர்தல் கமிஷன் கெடு வைத்திருப்பது நாள் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில்.

24... 48... 72!

அரசாங்கக் கட்டிடங்களில் உள்ள அரசியல் விளம்பரங்களை 24 மணி நேரத்தில் அகற்ற வேண்டும். ரெயில் நிலையம், பஸ் நிலையம், பாலம், அரசு பஸ், மின்கம்பம், தந்திக்கம்பம், மாநகராட்சி இடம் போன்ற பொது இடங்களுக்கு 48 மணி நேரம். தனியார் சுவர்களில் அனுமதி இல்லாமல் இருப்பவற்றுக்கு 72 மணி நேரம். தேர்தல் அறிவிப்பு வந்த நிமிடத்தில் இருந்தே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

கட்சிக்காரர்கள் தாங்களாக அகற்றினால் நல்லது. இல்லாவிட்டால் அதிகாரிகள் அகற்றுவார்கள். அதற்கு ஆகும் கூலி, வண்டி வாடகை எல்லாம் சம்பந்தப்பட்டவர்கள் தலையில் விழும். வேட்பாளருக்காக எழுதியது என்றால் அவருடைய செலவுக் கணக்கிலும் ஏறும்.

சுவருக்கு 'ரிசர்வேஷன்'

ஒரு காலத்தில் நிலைமையே வேறு. சினிமாவுக்கு டிக்கெட் ரிசர்வ் செய்வதுபோல் சுவரை ரிசர்வ் செய்த காலம் அது! தேர்தலுக்குப் பல மாதம் முன்பே ஒரு கோஷ்டி இரவோடு இரவாக வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகும். மூலையில் கட்சியின் பெயர், பக்கத்தில் வருஷம், அதற்குக் கீழே 'ரிசர்வ்டு' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், சுவர் அவர்களுக்கு 'சொந்தம்'!

வீட்டைக் கட்டியவர் காலையில் பல் விளக்க வெளியே வரும்போதுதான் தன் சுவர் கைமாறிய விஷயமே அவருக்குத் தெரியும். கடன் வாங்கி, கல் அடுக்கி, கலர் பூசியது அவர். ஆனால் அந்தச் சுவரில் சூரியன் உதிப்பதா, இலை துளிர்ப்பதா என்று முடிவு செய்வது வேறு ஒருவர்!

ஒரு கட்சி ரிசர்வ் செய்த சுவரில் இன்னொரு கட்சி எழுதிவிட்டால் போச்சு. வாய்ச் சண்டை கைகலப்பாகி, போலீஸ் ஸ்டேஷன் வரை போகும். இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் வீட்டுக்காரர்தான். அவர் செய்த குற்றம், மெயின் ரோட்டில் வீடு கட்டியது ஒன்றுதான்.

இதில் சில குடும்பங்களின் பிழைப்பும் இருந்தது. கலர்ப்பொடியும் பசையும் கலந்து, அளவு நூல் போட்டு, ஆள் உயர எழுத்தை ஏணியில் நின்று எழுதிய ஓவியர்களுக்குத் தேர்தல் வந்தால் தூக்கம் இருக்காது. 2000-க்குப் பிறகு டிஜிட்டல் பேனர் வந்து அந்தத் தொழிலையே அடித்துப்போட்டது. ஒரு பட்டனைத் தட்டினால் 20 அடிக்குத் தலைவர் படம் ரெடி!

காமராஜர் காலத்துச் சட்டம்

சுவரை அசிங்கம் செய்யக்கூடாது என்ற சட்டம் புதிது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தபோது, 1959-ம் ஆண்டிலேயே அந்தச் சட்டம் வந்துவிட்டது. திறந்தவெளி இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில் அனுமதி இல்லாமல் விளம்பரத்தை ஒட்டுவது, எழுதுவது, தொங்கவிடுவது எல்லாமே இந்தச் சட்டப்படி குற்றம்.

சட்டம் இருந்தது. ஆனால் அதை எடுத்து நீட்டத்தான் ஆள் இல்லை! 1990 டிசம்பரில் டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் கமிஷனராக வந்தார். 1996 வரை அந்தப் பதவியில் இருந்தார். தேர்தல் விதி என்பது வெறும் காகிதம் அல்ல என்று கட்சிகளுக்கு உறைத்தது அவர் காலத்தில்தான். 2006 சட்டசபைத் தேர்தலில் இந்த 1959 சட்டத்தைக் கையில் எடுத்துக் கறாராக அமல்படுத்தினார்கள். தமிழ்நாட்டு நகரங்களின் சுவர்கள் அந்தத் தேர்தலில் வெள்ளையும் சள்ளையுமாக நின்றன.

தேர்தல் இல்லாத நாளில் சுவரைக் காப்பாற்ற மாநகராட்சியும் ஒரு தந்திரம் செய்து பார்த்தது. 2009-ல் அண்ணா சாலையிலும் வேறு சில முக்கிய சாலைகளிலும் போஸ்டர் ஒட்டும் சுவர்களில் தமிழர் கலை, பண்பாட்டுக் காட்சிகளை ஓவியமாகத் தீட்ட வைத்தது. படம் இருக்கும் இடத்தில் பசை பூசக் கை கூசும் என்ற கணக்கு!

வீட்டுக்காரர் சம்மதம் எதற்கு?

தேர்தல் நடத்தை விதி என்ன சொல்கிறது? தனி நபரின் நிலம், கட்டிடம், சுற்றுச்சுவர் எதிலும் அவருடைய அனுமதி இல்லாமல் கொடிக்கம்பம் நடக்கூடாது, பேனர் கட்டக்கூடாது, நோட்டீஸ் ஒட்டக்கூடாது, கோஷம் எழுதக்கூடாது. இது இந்தியா முழுவதற்கும் பொது.

இதற்கு மேல் அந்தந்த மாநிலத்துச் சட்டம் எதுவோ, அதன்படி நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் நகரத்துக்கு ஒரு நியாயம், கிராமத்துக்கு ஒரு நியாயம். சென்னை மாநகராட்சி போன்ற நகர்ப்பகுதிகளில் தேர்தல் நேரத்தில் சுவர் விளம்பரத்துக்கு அடியோடு தடை. வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது!

சென்னையைத் தாண்டி திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் ஊராட்சிகளுக்குப் போனால் விதி மாறுகிறது. அங்கே தனியார் சுவரில் எழுதலாம். ஆனால் சொந்தக்காரர் மனமுவந்து எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். சம்மதக் கடிதத்தின் நகலையும், சொந்தக்காரரின் பெயர், விலாசம், ஆன செலவு ஆகிய விவரங்களையும் 3 நாட்களுக்குள் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

"என் வீடு, என் சுவர். நான் சம்மதிச்சா உங்களுக்கு என்ன?" என்று நகரத்தில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.

சம்மதம் எப்படிக் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். வாசலில் 10 பேர் நிற்பார்கள். நடுவில் வட்டச் செயலாளர்.

"அண்ணே, சுவர்ல சின்னதா ஒரு சின்னம் போட்டுக்கறோம். எலெக்‌ஷன் முடிஞ்சதும் நாங்களே வெள்ளை அடிச்சுத் தந்துடறோம். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாளைக்கு இவரிடம்தான் போக வேண்டும். தெரு விளக்கு எரியாவிட்டாலும் இவரிடம்தான் போக வேண்டும். பையனுக்கு ஒரு சிபாரிசு வேண்டுமானாலும் இவர்தான். 'ஆட்சேபணை இருக்கிறது' என்று எந்த வீட்டுக்காரர் சொல்வார்? "அதனால என்ன தம்பி, எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மனைவியிடம் திட்டு வாங்குவார். அடுத்த நாள் எதிர்க்கட்சிக்காரர் வந்து, "அப்போ நீங்க அவங்க ஆளா?" என்பார். யாருக்கு ஓட்டு என்பது ரகசியம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சுவர் ஊருக்கே சொல்லிவிடுகிறது!

நகரத்தில் இருக்கும் முழுத் தடை இந்த இடத்தில்தான் வீட்டுக்காரருக்குக் கவசம். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஆனா நான் சரின்னாலும் சட்டத்துல இடமில்லையாமே" என்று சொல்லிக் கையை விரித்துவிடலாம். யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். மறுப்பு சொல்லும் பொறுப்பை அவர் தோளில் இருந்து சட்டமே இறக்கி வைத்துவிடுகிறது.

ஜெயிலைவிட கணக்குதான் பயம்!

எந்த வேட்பாளரும் சுவரில் எழுதியதற்காகக் கம்பி எண்ண வேண்டி வரும் என்று பயப்படுவது இல்லை. அவர் பயப்படுவது கணக்கு நோட்டுக்கு!

2022 ஜனவரியில் நிர்ணயித்தபடி தமிழ்நாட்டில் சட்டசபை வேட்பாளர் ரூ.40 லட்சமும், பாராளுமன்ற வேட்பாளர் ரூ.95 லட்சமும்தான் செலவு செய்யலாம். கொடிக்கு என்ன விலை, பேனர் சதுர அடிக்கு என்ன விலை, நாற்காலிக்கு என்ன வாடகை என்று மாவட்டத் தேர்தல் அதிகாரி ஒரு விலைப்பட்டியலே வைத்திருப்பார். பறக்கும் படை வீடியோ எடுக்கும். செலவுப் பார்வையாளரின் ஆட்கள் தனியாக ஒரு நிழல் கணக்கு எழுதுவார்கள்.

வேட்பாளர், "100 கொடிதான் கட்டினேன்" என்று எழுதிக் கொடுப்பார். நிழல் கணக்கு, "இல்லை, 1,000 கொடி" என்று சொல்லும். அப்போதுதான் வேர்க்கும். முடிவு வெளியான 30 நாட்களுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். முறையாகக் கொடுக்காமல், அதற்குத் தகுந்த காரணமும் சொல்லாவிட்டால், தேர்தலில் நிற்க 3 ஆண்டு தகுதி நீக்கம் செய்யும் அதிகாரம் தேர்தல் கமிஷனுக்கு உண்டு.

"எனக்குத் தெரியாது, ஆர்வக்கோளாறுல தொண்டன் யாரோ பேனர் வெச்சுட்டான்" என்று வேட்பாளர் நழுவ முடியுமா? வேட்பாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வதும் தேர்தல் குற்றம்தான். ஆக, தெரியும் என்றால் வேட்பாளர் கணக்கில் ஏறும். தெரியாது என்றால் தொண்டர் மாட்டுவார். இதனால்தான் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களே தொண்டர்களைக் கூப்பிட்டு, "பேனர் கீனர் வேணாம்பா, அடங்கி இருங்க" என்று கெஞ்சுகிறார்கள்.

போஸ்டரின் மூலையைப் பாருங்கள்

எந்தத் தேர்தல் போஸ்டராக இருந்தாலும், துண்டு நோட்டீசாக இருந்தாலும், அச்சடித்தவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் விலாசமும் அதில் இருக்க வேண்டும். 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு இதைச் சொல்கிறது. வெளியிடுகிறவர் தன்னை அறிந்த 2 பேர் சாட்சிக் கையெழுத்துடன் அச்சகத்துக்கு உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அச்சகக்காரர் அதன் நகலையும் போஸ்டரையும் அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.2 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ராத்திரி ஒட்டிவிட்டு ஓடும் மொட்டைப் போஸ்டர்களைப் பிடிக்கத்தான் இந்த விதி. எதிராளியைப் பற்றிக் கன்னாபின்னா என்று எழுதிவிட்டு மறைந்துகொள்ளும் பேர்வழிகளை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும்.

கொடிக்கும் அளவு உண்டு

சொந்த வீட்டில் ஆசைப்பட்டுக் கட்சிக் கொடி கட்டலாமா? உள்ளூர் சட்டம் இடம் கொடுத்தால் கட்டலாம். ஆனால் 3 கொடிக்கு மேல் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகளின் கொடி கட்ட வேண்டும் என்றால் கட்சிக்கு ஒன்றுதான். மோட்டார் சைக்கிளில் 1 அடிக்கு அரை அடி அளவில் ஒரே ஒரு கொடி. ஆட்டோ, காரில் 3 அடிக்கு 2 அடி அளவில் ஒரு கொடி. தற்காலிகத் தேர்தல் அலுவலகத்தில் வைக்கும் பேனர் 4 அடிக்கு 8 அடியைத் தாண்டக்கூடாது.

ஓட்டுப்பதிவு அன்று வாக்குச்சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்சி விளம்பரம், சின்னம் எதுவும் தலைகாட்டக்கூடாது.

விதியை மீறினால் பொதுமக்களே புகார் செய்யலாம். 2018-ல் தேர்தல் கமிஷன் கொண்டுவந்த சி-விஜில் என்ற செல்போன் செயலியில் ஒரு போட்டோ அல்லது 2 நிமிட வீடியோ அனுப்பினால் போதும். பெயர் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் சொல்ல வேண்டியது இல்லை. 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது அதன் கணக்கு.

தேர்தல் முடிந்ததும்...?

இங்கேதான் சிக்கல். ஓட்டு எண்ணி முடித்ததும் பறக்கும் படை கலைந்துவிடும். நிழல் கணக்கு மூடப்படும். 100 நிமிடச் செயலி தூங்கிவிடும். 1959 சட்டம் மட்டும் அப்படியே இருக்கும். ஆனால் அதைக் கணக்கில் ஏற்றுகிற ஆள் இருக்க மாட்டார். அப்புறம் பிறந்த நாள், காதுகுத்து, கல்யாணம், தலைவர் வருகை என்று நடுரோட்டில் மறுபடி பேனர் முளைக்கும்.

தமிழ்நாட்டையே உலுக்கிய 2 சாவுகளும் தேர்தல் பிரசார நேரத்தில் நடந்தவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் போட்டு பேனர், கட்-அவுட் வைக்கக்கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அடுத்த மாதமே கோவை அவினாசி ரோட்டில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காகப் போட்டிருந்த அலங்கார வளைவு விபத்தில் ஒரு வாலிபர் பலியானார். அமெரிக்காவில் வேலை பார்த்த என்ஜினீயர் அவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியை இங்கிலீஷில் அந்த நடுரோட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள்.

2018 டிசம்பரில், பேனர்களுக்கு மாநிலம் முழுவதும் ஐகோர்ட்டு இடைக்காலத் தடை போட்டது. பேனர்களை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் கோர்ட்டு படி ஏறியவர் டிராபிக் ராமசாமி. வெயிலில் நின்று தன் கையாலேயே பேனரைக் கிழித்து, அதற்காக அடியும் வாங்கிய அந்தப் பெரியவர் 2021 மே மாதம் காலமானார்.

அந்தத் தடை வந்து 9 மாதம் ஆகவில்லை. 2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில், பல்லாவரம்-துரைப்பாக்கம் ரேடியல் ரோடு. 23 வயது இளம்பெண் என்ஜினீயர் ஸ்கூட்டரில் வந்துகொண்டு இருந்தார். ரோட்டின் நடுத்திட்டில், அப்போதைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்காக வரிசையாகக் கட்டிய பேனர்கள். அதில் ஒன்று அறுந்து அவர் மேல் விழுந்தது. நிலைதடுமாறி ரோட்டில் விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. பெற்ற ஒரே மகளைப் பறிகொடுத்துப் பெற்றோர் கதறினார்கள்.

ஐகோர்ட்டு கொதித்தது. சாலைகளுக்கு வர்ணம் அடிக்க இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று அரசைப் பார்த்துக் கேட்டது. இடைக்கால இழப்பீடாக ரூ.5 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. அதன் பிறகு பெரிய கட்சிகள் எல்லாம் வரிசையாக, "பேனர் வைக்காதீர்கள்" என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. கொஞ்ச காலம் தெரு சுத்தமாக இருந்தது. பிறகு கயிறும் சவுக்குக் கம்பும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

விதி ஒன்றும் குறைவு இல்லை

பேனருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று 2011-லேயே தனி விதி வந்தது. போலீஸ் தடையில்லாச் சான்று, இடத்துச் சொந்தக்காரர் சம்மதம் எல்லாம் வேண்டும். அனுமதி எண், எத்தனை நாளுக்கு அனுமதி, அச்சடித்தது யார் என்ற விவரங்கள் பேனரிலேயே இருக்க வேண்டும் என்றது அந்த விதி. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளிலும் மாநகராட்சியின் அனுமதி இல்லாமல் விளம்பரப் பலகை வைக்க இடம் இல்லை. 2025 ஜனவரியில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை இன்னும் ஒரு படி மேலே போய், பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை 12 வாரத்தில் அகற்ற உத்தரவிட்டது. கட்சிகள் மேல்முறையீட்டுக்கு ஓடின.

ஆக, விதிக்குப் பஞ்சம் இல்லை. தேர்தலின்போது 72 மணி நேரத்தில் சென்னையின் அத்தனை சுவரையும் வெள்ளை அடிக்க முடிகிறது. அதே ஆட்கள், அதே வாளி, அதே ஏணி மற்ற நாளிலும் மாநகராட்சியிடம் இருக்கிறது. இல்லாமல் போவது ஒன்றே ஒன்றுதான். பேனர் வைத்தவர் கணக்கில் அன்றைக்கே செலவை எழுதுகிற பேனா! அகற்றும் கூலியை அந்தப் பேனரில் சிரிக்கும் பிரமுகரிடமே வாரம் தவறாமல் வசூலித்தால், கல்யாணப் பேனர் கட்டுகிறவரும் வேட்பாளர் மாதிரியே கணக்குப் பார்க்க ஆரம்பிப்பார்.

அதுவரை பொதுமக்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தெருமுனையிலோ நடைபாதையிலோ பேனர் முளைத்தால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து இடத்தைச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். காற்று அடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.